பனிக்கு ஏற்ற காடி

கார் வருவதற்கு முன்னால், வட அமெரிக்காவின் குளிர்ப்பகுதிகளில் பனி போக்குவரத்துக்கு எதிரியாக இருந்ததில்லை. வெயிலும் மழையும் மட்டுமே தெரிந்த நமக்கு இது தலைகீழாகத் தோன்றலாம். 19ஆம் நூற்றாண்டுக் கியூபெக்கிலோ நியூ இங்கிலாந்திலோ ஒரு விவசாயியைக் கேட்டிருந்தால், பாரம் இழுக்க நல்ல காலம் குளிர்காலம்தான் என்று சொல்லியிருப்பார். மற்ற மாதங்களில் மண்சாலை சேறும் குழியுமாகக் கிடக்கும். பனி விழுந்ததும் எல்லாம் மூடிச் சமமாகிவிடும். சக்கர வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சறுக்கு வண்டியில் குதிரையைப் பூட்டினால், கோடையில் அசைக்க முடியாத மரக்கட்டைகளையும் காட்டிலிருந்து இழுத்து வந்துவிடலாம்.

அன்றைக்குச் சாலையிலிருந்து யாரும் பனியை வாரிக் கொட்டவில்லை. பெரிய மர உருளைகளைக் குதிரைகளைக் கொண்டு இழுத்து, பனியை அமுக்கிக் கெட்டிப்படுத்தினார்கள். கூரை போட்ட மரப்பாலங்களுக்குள் பனி விழாது என்பதால், ஆள் வைத்து உள்ளே பனியை அள்ளிப் போட்ட ஊர்களும் உண்டு. சறுக்கு வண்டி வெறும் பலகையில் போகாது அல்லவா? செயிண்ட் லாரன்ஸ் ஆறு உறைந்ததும் அதுவே சாலையானது. புயலில் வழி தவறக்கூடாது என்று அதன் ஓரங்களில் சின்ன ஊசியிலை மரங்களை வெட்டி வந்து நட்டுவைத்தார்கள்.

பனியை எதிரியாக்கியது கார். அதற்கு மெல்லிய சக்கரம், பனியில் புதைந்துவிடும். எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் வேண்டும்; அது உறைந்தால் இரும்பையே பிளந்துவிடும். எண்ணெய் வேண்டும், குளிரில் அது வெல்லப்பாகு போலக் கெட்டியாகிவிடும். 1908இல் ஃபோர்டு நிறுவனம் மாடல் டி காரை 850 டாலருக்கு விற்கத் தொடங்கியது. 1920களின் நடுவில் அதன் மிக மலிவான வகை 260 டாலருக்கு வந்துவிட்டது. 1927 வரை ஒன்றரைக் கோடி கார்கள். ஏழை விவசாயியும் வாங்கக்கூடிய முதல் கார் அதுதான். ஆனால் ஆண்டில் நான்கு மாதம் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பலர் ஒன்றும் செய்யவில்லை. நவம்பரிலோ டிசம்பரிலோ மரக்கட்டைகளின் மேல் காரைத் தூக்கி வைத்து, தண்ணீரை வடித்துவிட்டு, கொட்டகையில் மூடிவிடுவார்கள். வசந்தம் வரும்வரை பழையபடி குதிரைதான். குளிரிலும் ஓட்டியாக வேண்டியவர்களின் காலைப்பொழுது ஒரு சடங்கு மாதிரி இருந்தது. முதல்நாள் இரவே வடித்துவைத்த ரேடியேட்டரில் வெந்நீர் ஊற்ற வேண்டும். பின்சக்கரம் ஒன்றை ஜாக்கி வைத்துத் தூக்க வேண்டும். ஏனென்றால் மாடல் டியில் கியருக்கும் எஞ்சினுக்கும் ஒரே எண்ணெய். அது கெட்டியாக இருக்கும்போது முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்றினால், கார் உயிர் பெற்று, சுற்றுகிறவர் மேலேயே ஊர்ந்து வரும். அடுத்த வீட்டில் ஆள் உண்டா என்று பார்த்துக்கொண்டுதான் இந்த வேலையைத் தொடங்கியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

இந்த வரலாற்றைத் தேடிப் படிக்க எனக்குச் சொந்தக் காரணம் இருந்தது. 2012இல் மேற்படிப்புக்காக மொன்றியால் போனேன். இரண்டாம் குளிர்காலத்தில், இரவு வேலைக்காக ஒரு கார் தேவைப்பட்டது. கையில் 2,500 டாலருக்கு மேல் இல்லை. போனில் சொன்னதும் அம்மா, “ஐஸ் மேலயா காடி ஓட்டப் போற? அதுக்குன்னு தனியா ஏதும் காடி விக்கிறாங்களா?” என்று கேட்டார். எங்கள் வீட்டில் காரை இன்னும் காடி என்றுதான் சொல்வோம். அம்மாவின் கேள்வி நல்ல கேள்வி. நூறு ஆண்டுகளாகக் குளிர்நாட்டுக்காரர்கள் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு வரலாற்றில் மூன்று பதில்கள் உண்டு. குளிர்காலத்தில் வண்டியை நிறுத்திவிடுவது ஒன்று. அதை மேலே சொல்லிவிட்டேன். பனிக்கு ஏற்றபடி வண்டியை மாற்றுவது இரண்டாவது. வண்டிக்கு ஏற்றபடி சாலையை மாற்றுவது மூன்றாவது.

இரண்டாவது பதிலைச் சொன்னவர்களில் ஒருவர் வர்ஜில் வைட். நியூ ஹாம்ப்ஷயரின் ஒஸிபி என்ற ஊரில் ஃபோர்டு கார் விற்றவர். மாடல் டியின் முன்சக்கரங்களைக் கழற்றிவிட்டு அங்கே சறுக்குக் கட்டைகளை மாட்டினார். பின்னால் கூடுதலாக ஒரு ஜோடிச் சக்கரம் வைத்து, அவற்றைச் சேர்த்து இரும்புப் பட்டையால் சுற்றினார். 1917இல் காப்புரிமை பெற்று, 1920களில் அதைத் தனிப் பெட்டியாக விற்றார். வாங்கி நம் காரிலேயே மாட்டிக்கொள்ளலாம், கோடையில் கழற்றிவிடலாம். ஸ்னோமொபைல் என்ற பெயரை முதலில் வைத்தவர் அவர்தான். கிராமத்துத் தபால்காரர்களும் மருத்துவர்களும் அதை விரும்பி வாங்கினார்கள். காரை நிறுத்திவைக்க முடியாத இரண்டு தொழில்கள் அவை.

ஆனால் இந்தக் கதையின் நடுவில் இருப்பவர் ஜோசஃப்-அர்மாண்ட் பொம்பார்டியே. மொன்றியாலுக்குக் கிழக்கே உள்ள வால்கூர் என்ற சிற்றூர்க்காரர், 1907இல் பிறந்தவர். அவருக்குப் பதினைந்து வயது இருக்கும்போது, அப்பா கொடுத்த பழைய மாடல் டி எஞ்சினை ஒரு சறுக்கு வண்டியில் பொருத்தி, பின்னால் விமானத்துக்கு இருப்பதுபோல் ஒரு காற்றாடியை மாட்டினார். 1922ஆம் ஆண்டின் கடைசி நாளில் தம்பியைக் கூட்டிக்கொண்டு ஊருக்குள் அதை ஓட்டிக் காட்டினார். வெறுமனே சுழலும் அந்த மரக் காற்றாடியைப் பார்த்த அப்பா, உடனே அதைப் பிரித்துப் போடச் சொல்லிவிட்டார். 1926இல் பொம்பார்டியே வால்கூரில் சொந்தமாக ஒரு கார் பட்டறை திறந்தார். கோடையில் ஊர்க்காரர்களின் கார்களைப் பழுதுபார்ப்பது, குளிர்காலத்தில் வேலை இல்லாதபோது பனியில் ஓடும் வண்டிக்கு முயல்வது. பட்டறைக்காரருக்கு அது பொழுதுபோக்கு அல்ல. பனி விழுந்ததும் ஊரில் கார்கள் நின்றுவிடும். அவருடைய வருமானமும் நின்றுவிடும்.

1934 குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகனுக்குக் குடல்வால் அழற்சி வந்து வயிற்றுக்குள் பரவியது. அறுவை சிகிச்சை செய்ய வேண்டும். மருத்துவமனை ஷெர்புரூக்கில், ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தூரத்தில். சாலைகள் பனியில் மூடிக் கிடந்தன. அவர் செய்துகொண்டிருந்த வண்டி ஓடும் நிலையில் இல்லை. குழந்தை இறந்துவிட்டது.

அந்தப் பழைய பட்டறையை இன்று வால்கூரில் அருங்காட்சியகத்தோடு சேர்த்துப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். ஒரு மே மாதத்தில் போய்ப் பார்த்தேன். சின்ன இடம். நம் ஊரில் வீட்டுக்குப் பக்கத்தில் மோட்டார் சைக்கிள் கடை வைத்திருப்பார்களே, அதைவிடக் கொஞ்சம் பெரிது. வெளியே புல் பச்சையாக இருந்தது. ஷெர்புரூக் போகும் சாலை தார் போட்டு வழுவழுவென்று கிடந்தது. அதைப் பார்க்கும் யாருக்கும், 50 கிலோமீட்டர் ஒரு குழந்தையின் உயிருக்கு எட்டாத தூரமாக இருந்ததை நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

அவர் கண்டுபிடித்தது பெரிய எஞ்சின் அல்ல. ரப்பர் போர்த்திய பற்சக்கரம் ஒன்று. அது சுழற்றும் பட்டை ஒன்று. பட்டை என்றால் இரண்டு ரப்பர் வார்களை இரும்புக் குறுக்குக் கம்பிகளால் இணைத்தது. முழுக்க இரும்பால் செய்த பட்டைகளில் பனி அப்பி இறுகிக்கொள்ளும், பாரமும் அதிகம். ரப்பர் வளையும், உதறும், இலேசாக இருக்கும். 1937இல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. ஏழு பேர் உட்காரும் பி7 என்ற வண்டியை விற்கத் தொடங்கினார். ஆயிரம் டாலரைக் கொஞ்சம் தாண்டிய விலை, அதாவது அன்றைய ஒரு சாதாரணக் காரின் விலை. வாங்கியவர்கள் மருத்துவர்கள், பாதிரியார்கள், விடுதிக்காரர்கள், ஊர் ஊராகப் போகும் வியாபாரிகள். அடுத்து வந்த பி12இல் பன்னிரண்டு பேர் போகலாம். கப்பலில் இருப்பதுபோல வட்டமான சன்னல்கள். அது பள்ளிக்கூடப் பேருந்தாகவும் ஆம்புலன்ஸாகவும் தபால் வண்டியாகவும் ஓடியது.

இந்த ரப்பர் என்ற சொல்லைத் தாண்டி மலேசியாவில் பிறந்த ஒருவரால் சுலபமாகப் போக முடியாது. என் பாட்டி பேராக்கில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பொம்பார்டியேவின் பட்டையில் இருந்தது எந்தத் தோட்டத்துப் பால் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் காலத்தில் உலகத்தின் ரப்பரில் மிகப் பெரும்பங்கு மலாயா, டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள், இலங்கை ஆகிய இடங்களிலிருந்துதான் போனது. மாடல் டியின் விலை இறங்க இறங்க, மலாயாவில் காடு அழிந்து தோட்டம் விரிந்தது. தமிழ்நாட்டிலிருந்து கப்பல்கள் வந்துகொண்டே இருந்தன. நியூ ஹாம்ப்ஷயர் தபால்காரரும் பாட்டியின் தலைமுறையும் ஒருவரை ஒருவர் அறியாமலே ஒரே கயிற்றின் இரண்டு முனைகளில் நின்றார்கள்.

அந்தக் கயிறு அறுந்தபோதுதான் அப்படி ஒன்று இருந்ததே பலருக்குத் தெரிந்தது. 1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. அத்தோடு மேற்குலகுக்குப் போன ரப்பரின் பெரும்பகுதி நின்றுபோனது. கனடாவில் டயருக்குப் பங்கீடு வந்தது. பொம்பார்டியேவின் வண்டியை வாங்க வேண்டுமானால், தொழிலுக்கு அது இல்லாமல் முடியாது என்று காட்ட வேண்டியிருந்தது. செயற்கை ரப்பருக்காகக் கனடிய அரசு 1942இல் ஒண்டாரியோவின் சார்னியா நகரில் சொந்த நிறுவனமே தொடங்கியது. கயிற்றின் இந்தப் பக்கம், வேலை நின்றுபோன தோட்டங்களிலிருந்து தமிழர்களை ஆயிரக்கணக்கில் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். அதன் கதையை நம் வீடுகளில் கேட்டிருக்கிறோம். டயர் பங்கீட்டையும் சயாம் மரண ரயிலையும் ஒரே பக்கத்தில் எழுதிய புத்தகம் எதையும் நான் இதுவரை பார்த்ததில்லை.

போர் முடிந்தது. பி12 நன்றாக விற்றது. அப்போதுதான் மூன்றாவது பதில் வந்தது. 1948இல் கியூபெக் அரசு கிராமச் சாலைகளிலும் பனியை அகற்றுவது என்று முடிவு செய்தது. நகரங்களில் அது ஏற்கெனவே தொடங்கியிருந்தது. ஆர்த்தர் சிகார் என்ற கியூபெக்காரர் 1925இல் பனியை உறிஞ்சித் தூர வீசும் இயந்திரம் ஒன்றைச் செய்து, 1927இல் மொன்றியாலை ஒட்டிய ஊட்ரமோன் நகராட்சிக்கு முதலில் விற்றார். இப்போது அந்த வசதி கிராமத்துக்கும் வந்தது. பொம்பார்டியேவின் விற்பனை சட்டென்று சரிந்தது.

எனக்கு இந்த இடம்தான் முக்கியமாகப் படுகிறது. ஒரு மகனை இழந்த மனிதர் பல ஆண்டுகள் உழைத்து, எந்தப் பனியிலும் ஓடும் வண்டியைச் செய்துவிட்டார். ஆனால் வால்கூரில் அடுத்த குழந்தையைக் காப்பாற்றப் போவது பெரும்பாலும் அந்த வண்டி அல்ல. சாலையைத் துடைத்துவைக்கும் அரசு லாரியும், அதன் பின்னால் சாதாரணக் காரில் போகும் ஒரு தகப்பனும்தான். ஆயிரம் டாலர் போட்டுத் தனி வண்டி வாங்க வசதி இருந்தவர் மருத்துவர். சாலை எல்லோருக்கும். குளிருக்கு ஏற்ற மலிவான வண்டி எப்போது கிடைத்தது என்று கேட்டால், ஒரு நல்ல கார் வந்த ஆண்டைச் சொல்வதைவிட 1948 என்று சொல்வதே எனக்குச் சரியாகத் தோன்றுகிறது.

இதற்கிடையில் சாதாரணக் காரும் கொஞ்சம் கொஞ்சமாகக் குளிருக்குப் பழகியது. பெரிய கண்டுபிடிப்பு எதுவுமில்லை. சின்னச் சின்ன விஷயங்கள். 1912இல் கெடிலாக் காரில் மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. 1919இல் மாடல் டிக்கும் கிடைத்தது. கைப்பிடி சுற்றும் வேலை மெல்ல மறைந்தது. முதல் உலகப் போர் முடிந்தபோது அமெரிக்கக் கார்களில் பெரும்பாலானவை திறந்த கார்கள். கதவும் கண்ணாடியும் உள்ள மூடிய கார் பணக்காரர்களின் பொருள். எசெக்ஸ் கோச் என்ற கார் 1922இல் 1,495 டாலருக்கு வந்து, 1925இல் 895 டாலருக்கு இறங்கியது. மூடிய கார் திறந்த காரைவிட மலிவானது அப்போதுதான். அதன் பிறகு குளிர்காலம் முழுக்கக் காரைக் கொட்டகையில் வைக்க நியாயம் குறைந்தது. ரேடியேட்டரில் அதுவரை சாராயத்தைக் கலந்து ஊற்றிவந்தார்கள். எஞ்சின் சூட்டில் அது ஆவியாகிவிடும். 1927இல் பிரெஸ்டோன் என்ற பெயரில் எத்திலீன் கிளைக்கால் ஆன்டிஃபிரீஸ் கடைக்கு வந்தது. 1949இல் வடக்கு டகோட்டாவின் கிராண்ட் ஃபோர்க்ஸைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஃப்ரீமன் என்பவர் எஞ்சினுக்குள் பொருத்தும் மின் ஹீட்டருக்குக் காப்புரிமை வாங்கினார். இன்றும் வினிபெக், எட்மண்டன் பக்கம் போனால் பெட்ரோல் கார்களின் முன்பக்கத்தில் ஒரு பிளக் தொங்குவதைப் பார்க்கலாம். கார் நிறுத்துமிடத்தில் வரிசையாக மின்சாரப் புள்ளிகள். இரவு முழுக்க எஞ்சினைச் சூடாக வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். முதலில் பார்த்தபோது எல்லாம் மின்சாரக் கார் என்றே நினைத்துவிட்டேன்.

சாலையும் இந்தச் சின்ன விஷயங்களும் சேர்ந்ததும், குறைந்த விலைச் சிறிய கார்கள் குளிரில் ஜெயிக்கத் தொடங்கின. 1952இல் கனடாவுக்கு வந்த ஃபோக்ஸ்வாகன் பீட்டிலுக்கு ரேடியேட்டரே கிடையாது. எஞ்சினைக் காற்றுதான் குளிர்விக்கும், காற்று உறையாது. எஞ்சினின் பாரம் பின்சக்கரங்களின் மேல் உட்கார்ந்ததால் பனியில் பிடிப்பும் இருந்தது. பனி வாரும் லாரியை ஓட்டுகிறவர் வேலைக்குப் போகும் கார் இதுதான் என்று 1960களில் ஒரு பிரபலமான விளம்பரமே எடுத்தார்கள். விளம்பரம் சொல்லாத விஷயம், பீட்டிலின் ஹீட்டர் சுமார்தான். கண்ணாடியின் உள்பக்கத்தைச் சுரண்டிக்கொண்டே ஓட்டியவர்கள் நிறைய. சுவீடனின் சாப் 1949இல் முன்சக்கரங்களால் இழுக்கும் சின்னக் காரைச் செய்யத் தொடங்கியது. எரிக் கார்ல்சன் அதன் அடுத்த வடிவத்தில் 1962, 1963 இரண்டு ஆண்டும் மொன்டே கார்லோ குளிர்காலப் பந்தயத்தை வென்றார். பெரிய எஞ்சின் வைத்த கார்களெல்லாம் பின்னால் வந்தன.

இவ்வளவும் எனக்குப் பின்னால் படித்துத் தெரிந்தவை. கார் வாங்கும்போது துணைக்கு வந்தவர் நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரர். கோட்-தே-நேஜ் வட்டாரம், பெயருக்குப் பொருள் பனிகளின் சரிவு. யாழ்ப்பாணத்திலிருந்து 1986இல் வந்து, இருபது ஆண்டுகள் அந்த ஊரில் டாக்சி ஓட்டியவர். நான் அவரை அங்கிள் என்பேன். அவர் என்னைத் தம்பி என்பார்.

நான் நான்கு சக்கரமும் இழுக்கும் ஒரு பழைய ஜீப் மாதிரியான வண்டியில் கண் வைத்திருந்தேன். அவர் அதன் பக்கமே வரவில்லை.

“நாலு சில்லும் இழுத்தா வெளிக்கிட்டுப் போகலாம் தம்பி. போறது பெரிசில்லை. நிப்பாட்ட வேணுமே. நிப்பாட்டுறது டயர்தான்.”

அடுத்து ஒரு கொரோலாவைப் பார்த்தோம். நான் எஞ்சின் மூடியைத் திறக்கப் போனேன்.

“அதைப் பிறகு பாப்பம். முதல்ல குனிஞ்சு அடியைப் பாரும். எஞ்சினை ஆரும் திருத்தலாம், துருவை ஒருத்தராலயும் திருத்தேலாது.”

துரு ஏன் வருகிறது? சாலையில் கொட்டும் உப்பால். உப்பு போட்டால் தண்ணீர் உறையும் வெப்பநிலை இறங்கும், பனி கரையும். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் 1938இல் இதைச் சோதனையாகச் செய்து பார்த்தது. போருக்குப் பிறகு எங்கும் பரவியது. சாலையைச் சாதாரணக் காருக்கு ஏற்றதாக்கிய அதே உப்புதான் சாதாரணக் காரைத் தின்கிறது. பழைய கார் வாங்குகிறவர் அந்தக் கணக்கைக் குனிந்து பார்த்துத்தான் ஆக வேண்டும். பிறகு அங்கிள் பேட்டரியைச் சோதித்தார். கடுங்குளிரில் பேட்டரியின் சக்தி பாதியாகிவிடும். எண்ணெயோ கெட்டியாகி அதிக சக்தி கேட்கும். 5டபிள்யூ-30 என்று எண்ணெய் டப்பாவில் இருக்கும் டபிள்யூ, குளிர்காலம் என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். ஈப்போவில் அதே டப்பாவை எத்தனை முறை வாங்கியிருப்பேன்!

கொரோலாவுக்கு 1,800 டாலர் ஆனது. மீதியில் பெரும்பங்கை நான்கு குளிர்கால டயருக்குக் கொடுத்தேன். அது என் விருப்பமும் அல்ல. கியூபெக்கில் 2008 முதல் குளிர்காலத்தில் அந்த டயர் இல்லாமல் கார் ஓட்டக்கூடாது என்பது சட்டம். அன்று டிசம்பர் 15 முதல் மார்ச் 15 வரை. 2019இல் தொடக்க நாளை டிசம்பர் 1க்கு மாற்றினார்கள். அந்தக் காரில் மூன்று குளிர்காலம் ஓட்டினேன். ஒரு நாளும் அது என்னை நடுவழியில் நிறுத்தவில்லை.

அந்த டயரைப் பற்றி மட்டும் இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பனிக்கென்றே செய்த டயர் பின்லாந்தில் பிறந்தது. அங்கே ஒரு ரப்பர் நிறுவனம் 1934இல் லாரிக்கும், 1936இல் ஹக்கபெலீட்டா என்ற பெயரில் காருக்கும் அதைச் செய்தது. சாதாரண டயர் 7 டிகிரிக்குக் கீழே இறுகத் தொடங்கும். மைனஸ் 20இல் அது ஏறக்குறையப் பலகைதான். குளிர்கால டயர் இளகியே இருக்கும். அதற்கு ஒரு காரணம் அதில் இயற்கை ரப்பரின் பங்கு கூடுதல். நாற்பதுகளில் மலாயா விழுந்தபோது செயற்கை ரப்பர் பல இடங்களைப் பிடித்துக்கொண்டது. ஆனால் கடுங்குளிரில் மென்மையாக இருக்கும் குணத்தில் பால்மரத்தின் ரப்பரை அதனால் முழுசாக ஓரங்கட்ட முடியவில்லை. மலேசிய ரப்பர் உற்பத்தியாளர்கள் இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட் பக்கத்தில் நடத்திய ஆராய்ச்சி நிலையத்தில், எண்ணெய் கலந்த இயற்கை ரப்பரைப் பனிக்கால டயருக்காகவே ஆராய்ந்திருக்கிறார்கள். முப்பது டிகிரி வெயிலில் விடியற்காலையில் எழுந்து மரத்தைச் சீவியவர்களுக்குப் பனி என்றால் என்னவென்றே தெரியாது. அவர்கள் சீவி எடுத்த பொருள், தன் வாழ்நாளில் அவர்கள் காணாத குளிரில்தான் தன் முழு மதிப்பைக் காட்டியது.

பொம்பார்டியே விற்பனை சரிந்ததும் சும்மா இருக்கவில்லை. சாலை போகாத இடம் இன்னும் இருந்தது. ஓரிருவர் மட்டும் போகும் சின்ன வண்டியை 1959இல் ஸ்கி-டூ என்று கொண்டுவந்தார். அதன் முதல் வண்டிகளில் ஒன்றை, ஒண்டாரியோவின் வடக்கே லான்ஸ்டவுன் ஹவுஸில் பணியாற்றிய ஒரு பாதிரியார் எடுத்துப்போனார். அங்கே பூர்வகுடிகள் நாய் பூட்டிய வண்டிகளில் போய்வந்தார்கள். தெற்கே அந்த வண்டி விளையாட்டுப் பொருளானது. வடக்கே வேட்டைக்கும் விறகுக்கும் போகும் வண்டியானது.

அந்த வடக்குப் பகுதிக்கு 1948 இன்னும் வரவில்லை என்றே சொல்லலாம். ஒண்டாரியோவின் வடகோடியில் சுமார் 30 பூர்வகுடி ஊர்களுக்கு ஆண்டு முழுக்கத் திறந்திருக்கும் சாலை கிடையாது. ஏரியும் சதுப்பும் உறைந்தபின் அவற்றின் மேல் போடும் பனிச்சாலைதான் வழி. எரிபொருள், வீடு கட்டும் பலகை, கனமான பொருள் எல்லாம் அந்தச் சில வாரங்களில் லாரியில் வந்துசேர வேண்டும். மற்ற மாதங்களில் விமானம், விலையும் அதற்கேற்ப. 2024 தொடக்கத்தில் குளிர்காலம் மிதமாக இருந்ததால் பனிக்கட்டி போதிய தடிமனுக்கு வரவில்லை. அந்த ஊர்களின் தலைவர்கள் அவசரநிலை அறிவித்தார்கள்.

அங்கே போய், பனிக்கு எந்த வண்டி நல்லது என்று கேட்டால் சிரிப்பார்களோ என்னவோ. அவர்களிடம் நல்ல லாரிகள் இருக்கின்றன, நல்ல டயர்கள் இருக்கின்றன. அவர்கள் காத்துக்கொண்டிருப்பது பனிக்குத்தான்.